ரெண்டு நிமிஷமும் முதல் கிராமமும்

செய்தி வந்தது மாலை நாலேகால் மணிக்கு. அவள் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கன்னம் வீங்கிய ஒருவர், டாக்டர் எப்போதுதான் வருவார் என்று கேட்பதற்காக வாயைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். தொலைபேசியில் வந்தது கணவரின் லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர். "மேடம், கொஞ்சம் உட்காருங்க" என்று ஆரம்பித்தார். அவள் சம்பளம் வாங்குவதே உட்கார்ந்திருப்பதற்குத்தான். அதனால் விஷயத்தைச் சொல்லும்படி கேட்டாள். அவர் சொன்னார். அதன் பிறகு கன்னம் வீங்கியவரிடம் வழக்கம்போல "டாக்டர் இப்போ வந்துடுவார்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் அது நடந்திருந்தது. அவள் கணவர் லிஃப்டின் பிரேக்கைச் சரிசெய்தார், பெட்டியை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார், பேனல் கதவை மூடித் திருகாணியும் போட்டார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம். எல்லாம் சட்டென்று முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். வாழ்க்கையில் அவர் சட்டென்று முடித்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். படிக்கட்டு குறுகல் என்பதால் அவர் சரிசெய்த லிஃப்டிலேயே அவரை இறக்கினார்கள். "ஒரு குலுக்கல்கூட இல்ல மேடம்" என்று சூப்பர்வைசர் இரண்டு முறை சொன்னார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

கம்பெனியில் கணவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்க்கலாம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டி எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், வெளியிலிருந்து "ரெண்டு நிமிஷம்" என்பார். உள்ளே இருப்பவர்கள் அறிமுகமாகி, அரசியல் பேசி, அதில் சண்டை வந்து, சமாதானமும் ஆன பிறகு கதவு திறக்கும். வேர்த்து விறுவிறுத்து வெளியே வருகிறவர்களை நிறுத்தி, எந்த ரிலே ஒட்டிக்கொண்டது, ஏன் ஒட்டிக்கொண்டது என்று விளக்குவார். அவர்கள் மாடிப்படி வழியாக ஓடிப்போவார்கள்.

வீட்டிலும் அதே நிமிஷங்கள்தான். கூடத்தின் மூலையில் ஒரு கணினி, அதன் முன்னால் ஒரு சுழல்நாற்காலி, அந்த நாற்காலியில் அவருடைய முதுகு. அவள் தன் திருமணத்தின் பெரும்பகுதியை அந்த முதுகோடு நடத்தினாள். பிள்ளை இல்லாத வீட்டில் கணினியைத் தத்தெடுத்து வளர்க்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் என்றால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து.

அந்தக் கணினியில் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு வீரன் ஒரு சின்னக் கிராமத்துக் குடிசையில் கண்விழிக்கிறான். ராஜாவுக்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். கிராமத்து எல்லையில் ஒரு பாலம். அதைத் தாண்டினால் ஊர்கள், மலைகள், தலைநகரம், பறக்கும் பாம்பு என்று பெரிய ராஜ்யமே விரிந்து கிடக்கிறது. வீரன் போய் மருந்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் முடித்துவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவருடைய வீரன் ஆறு வருடங்களில் பாலத்தின் மேல் கால் வைத்ததில்லை. ராஜாவும் விஷத்தைக் குடித்துவிட்டு, வீரன் வரட்டும் என்று பெருந்தன்மையோடு இழுத்துக்கொண்டு கிடந்தார்.

காரணம் மோட்கள். விளையாட்டைச் செய்த நிறுவனம் சம்பளம் கொடுத்தும் செய்யாமல் விட்டதை, சம்பளமே வாங்காத யாரோ ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து செய்து இலவசமாகக் கொடுப்பதற்கு மோட் என்று பெயர். புல்லை இன்னும் பச்சையாக்க ஒன்று. ஓட்டின் மேல் மழை விழும் சத்தத்துக்கு ஒன்று. கோழிகள் சுவருக்குள் நடந்துபோகாமல் இருக்க ஒன்று. அவரிடம் அறுநூற்றுச் சொச்சம் இருந்தன. புல் மோட்டைப் போட்டால் மழை மோட் கோபித்துக்கொள்ளும். இரண்டையும் சமாதானப்படுத்த ஒரு ஒட்டு மோட் போட்டால், இது யார் நடுவில் என்று கோழி மோட் எழுந்து போய்விடும். அப்படிப் போகும்போது விளையாட்டையும் மூடிவிட்டுத்தான் போகும். சம்பந்தி வீட்டார் அறுநூறு பேரை ஒரே பந்தியில் உட்கார வைப்பது போன்ற வேலை. யாரை முன்னால் ஏற்றுவது, யாரைப் பின்னால் ஏற்றுவது என்ற வரிசைதான் உயிர். ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு மோட்கள் இரண்டு மாதிரி சொன்னால், கடைசியில் ஏறியது சொன்னதுதான் செல்லும். இதைத் தான் கணினியிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை என்று அவளைப் பார்த்துச் சொல்வார்.

இவ்வளவுக்கும் மூலகாரணம் அவள்தான் என்பது அவருடைய வாதம். ஒருநாள் காப்பித் தம்ளரை வைக்க வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசிக்கிறாங்க. நம்ம மாதிரி பேசினா நானும் ஒரு தடவை ஆடிப் பாப்பேன்" என்று சொல்லிவிட்டாள். பேருந்தில் பார்த்த பழைய சிநேகிதியிடம் ஒருநாள் வீட்டுக்கு வாயேன் என்று சொல்வது போலச் சொன்னது. அந்தச் சிநேகிதி பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். அவர் அந்த வாரமே ஊர்க்காரர்களின் பேச்சைத் தமிழாக்கி ஒரு சொந்த மோட் செய்ய ஆரம்பித்தார்.

முதலில் எழுத்துகள் எல்லாம் காலிக் கட்டங்களாக வந்தன. பிறகு எழுத்து வந்தது, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக விழுந்தது. கிராமத்துக் கொல்லன் பேசினால் அறுவடை முடிந்த வயல் மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு வருடம் போனது. அடுத்து, அவளுக்குச் சிலந்தி என்றால் ஆகாது என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு குகை. அதில் கன்றுக்குட்டி அளவுக்குச் சிலந்திகள். சிலந்திக்குப் பயந்தவர்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான் சிலந்திகளை வாத்துகளாக மாற்றும் மோட் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். அவர் அதைப் போட்டார். உருவம்தான் மாறியது, குணம் மாறவில்லை. வாத்துகள் சுவரில் ஏறின. கூரையிலிருந்து நூல் பிடித்து இறங்கின. அவர் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததை அவள் சமையலறையிலிருந்து கேட்டாள். என்னவென்று கேட்டதற்கு, "ரெடியானதும் காட்டறேன். ரெண்டு நிமிஷம்" என்றார்.

அவர் செய்த இன்னொரு காரியம் கணினியின் இணைய ஒயரைக் கழற்றிப் போட்டது. இணையம் கிடைத்தால் போதும், விளையாட்டு யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பித்துக்கொண்டால் பழைய பதிப்புக்காகச் செய்த மோட்கள் மொத்தமும் படுத்துவிடும். ஆகவே வேண்டியதைக் கைபேசியில் இறக்கி, பென்டிரைவில் போட்டு, நாலடி தூரம் நடந்துவந்து கணினியில் ஏற்றுவார். ஒயரின் நுனியில் ஒரு டேப்பைச் சுற்றி, அதில் 'தொடாதே' என்று எழுதியிருந்தார். ஊரில் இத்தனை கட்டடங்களுக்கு எச்சரிக்கைப் பலகை மாட்டிய மனிதர், ஏன் தொடக்கூடாது என்று மட்டும் எழுதவில்லை.

அதைத் தொட்டது கொழுந்தன். அவர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அதிகாரி. துக்க வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, தான் மட்டும் எதையாவது செய்துகொண்டே இருந்தால்தான் அவருக்கு மூச்சு வரும். நாற்காலிகளை வரிசைப்படுத்தினார். குழாயில் சொட்டிய நீரை நிறுத்தினார். யாருக்கோ எதையோ அனுப்ப வேண்டும் என்று கணினியைத் திறந்தார். சற்று நேரத்தில் நல்ல காரியம் செய்த முகத்தோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணி, நெட் வந்துடுச்சு. ஒயரு கழண்டு கெடந்தது, மாட்டிட்டேன்."

"கழண்டு கெடக்கல. கழட்டி வச்சது."

"யாரு?"

"உங்கண்ணன்தான். தொடாதேன்னு எழுதியிருந்துச்சே, படிக்கலயா?"

"படிச்சேன் அண்ணி. ஷாக் அடிக்கும்போலன்னு செருப்பப் போட்டுக்கிட்டுத்தான் தொட்டேன்."

அவள் எழுந்து போய்ப் பார்த்தபோது திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு முழுதாக ஓடி முடிந்திருந்தது. புதுப்பித்தல் நிறைவடைந்தது என்று விளையாட்டு மகிழ்ச்சியோடு தெரிவித்தது. கூடவே, வீரன் இனி ஒரு புதுத் தொப்பி வாங்கிக்கொள்ளலாம் என்ற நற்செய்தியும் இருந்தது. தொப்பி விற்பதற்காக ராஜ்யத்தையே மாற்றியிருந்தார்கள். விளையாட்டைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது: பதிப்பு பொருந்தவில்லை. அதோடு மூடிக்கொண்டது.

கொழுந்தன் ஒயரை மறுபடி கழற்றி, டேப்பையும் அழுத்தி ஒட்டிவிட்டு, இப்போது சரியாகிவிட்டதா என்று கேட்டார்.

அவளுக்கு ராஜ்யம் ஒன்றும் வேண்டாம். ராஜா செத்தால் சாகட்டும், அவருக்கும் ஓர் ஓய்வு வேண்டாமா. தனக்காக என்று சொல்லிக்கொண்டு ஆறு வருடம் அந்த மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் அப்படி என்னதான் செய்து வைத்திருக்கிறார் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். அதைத்தான் கொழுந்தன் செருப்புப் போட்டுக்கொண்டு கவனமாக அழித்திருந்தார்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, சாயங்காலங்களில் அவள் அந்தச் சுழல்நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவருடைய உயரத்துக்கு இறக்கிவைத்திருந்தது. மாற்றத் தெரியவில்லை, அப்படியே உட்கார்ந்தாள். மோட் போடுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. கைபேசி வழியாக அதில் சேர்ந்து, மரியாதையான ஆங்கிலத்தில், விளையாட்டு தானாகப் புதுப்பித்துக்கொண்டது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். முதலில் வந்தவர், இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டது என்றார். இரண்டாமவர், தனக்கு நன்றாகத்தானே வேலை செய்கிறது என்றார். மூன்றாமவர், இணைய ஒயரை மாட்டிவைக்கும் அளவுக்கு அறிவுகெட்டவர்கள் மோட் பக்கம் வரக்கூடாது என்று அபிப்பிராயப்பட்டார். அவர் யார் என்று தெரியாது. ஆனால் கொழுந்தனை நன்றாக அறிந்தவர் போலிருந்தது.

பொறுமையாகப் படித்ததில் ஒன்று புரிந்தது. அத்தனை மோட்களுக்கும் கடைக்கால் மாதிரி ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது. புதிய பதிப்புக்கு ஏற்றபடி அதை அதன் ஆசிரியர் திருத்தித் தரும்வரை உலகத்தில் யாரும் எதுவும் செய்வதற்கில்லை. அவர் எப்போது தருவார் என்று கேட்பது மன்றத்தில் மிகப் பெரிய குற்றம். அவள் கேட்கவில்லை. டாக்டர் எப்போது வருவார் என்று கேட்பவர்களை நாள் முழுக்கப் பார்ப்பவள் அவள். கேட்பதனால் எந்த டாக்டரும் சீக்கிரம் வந்ததில்லை.

சில வாரங்களில் கடைக்கால் வந்தது. அதைப் பென்டிரைவில் போட்டு, அவரைப் போலவே நாலடி நடந்துவந்து ஏற்றினாள். விளையாட்டு திறந்தது. குடிசை வந்தது. ஓட்டின் மேல் மழை பெய்தது. வாசலுக்கு வந்தாள், கிராமம் மங்கலாகத் தெரிந்தது. பத்தடி வைப்பதற்குள் எல்லாம் மூடிக்கொண்டு சாதாரணத் திரை வந்துவிட்டது. மறுபடி திறந்தாள். மறுபடி பத்தடி.

மன்றத்தில் தேடினாள். கிராமத்தில் கால் வைத்ததும் மூடிக்கொள்கிறது என்று பல வருடங்களுக்கு முன் ஒருவர் அச்சு அசலாக இதே தொல்லையைச் சொல்லி உதவி கேட்டிருந்தார். யாரும் பதில் தரவில்லை. ஒரு மாதம் கழித்து அவரே கீழே எழுதியிருந்தார்: சரிசெய்துவிட்டேன், நன்றி. எப்படிச் சரிசெய்தார் என்று ஒரு சொல் இல்லை. இப்படிப்பட்டவர்கள் எல்லாம் என்ன ஜென்மமோ, இவர்களை எல்லாம் வீட்டில் எப்படித்தான் வைத்துக் குடும்பம் நடத்துகிறார்களோ என்று வாய்விட்டே திட்டினாள். பிறகு எழுதியவரின் பெயரைப் பார்த்தாள். 'ரெண்டு நிமிஷம்' என்று ஆங்கில எழுத்துகளில் இருந்தது.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. மோட்களில் பாதியை முடக்கிவிட்டுத் திறந்து பார்ப்பது. அப்போதும் மூடிக்கொண்டால் குற்றவாளி மிச்சப் பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியில் பாதியை முடக்குவது. பள்ளிக்கூடக் கணக்குப்படி பத்துத் தடவையில் ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் ஒன்றை முடக்கினால், அதை நம்பியிருந்த ஐந்து மோட்கள் தாங்களும் வரமாட்டோம் என்று நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. கொழுந்தனும் ஞாயிறுதோறும் வந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை, பழம் வாங்கிவந்தார். ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு தடவை மூடிக்கொள்ளும்போதும் "போச்சு" என்று அறிவித்தார்.

குற்றவாளி கடைசியில் அகப்பட்டது. வாத்து.

சிலந்தியை வாத்தாக மாற்றிய அந்தப் புண்ணியவான் திருமணம் செய்துகொண்டு மோட் உலகத்தைவிட்டே விலகிவிட்டதாக அவருடைய பக்கத்தில் எழுதியிருந்தது. முன்பு ஏதோ ஒட்டுப் போட்டு அந்த வாத்துகளை நடமாட வைத்தவர் 'சரிசெய்துவிட்டேன், நன்றி' என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆகவே வாத்தை எடுத்துவிட்டால் விளையாட்டு ஓடும். எடுத்துவிட்டால் குகையில் சிலந்தி வரும்.

குளியலறையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிலந்தி வந்தாலும், அவர் செருப்போடு வந்து அதை அப்புறப்படுத்தும்வரை வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருப்பவள் அவள். அதற்கு மட்டும் அவர் இரண்டு நிமிடம் கேட்டதில்லை. அவள் கொஞ்ச நேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாத்தை எடுத்தாள்.

விளையாட்டு திறந்தது. பத்தடி வைத்தாள். இருபதடி வைத்தாள். மூடிக்கொள்ளவில்லை. கிராமம் முழுதாக இருந்தது. ஊர் தமிழ் பேசியது.

காவல்காரன் அவளைத் தடுத்து, "எங்க கெளம்பிட்டீங்க? பேரை எழுதிட்டுப் போங்க" என்றான். அது அவர்கள் அடுக்ககத்து வாட்ச்மேனின் பேச்சு, பேரை எழுதாமல் போனாலும் விட்டுவிடுவது உட்பட. கொல்லன், "கொஞ்சம் உட்காருங்க, உட்கார்ந்து பேசலாம்" என்று ஆரம்பித்தான். சூப்பர்வைசரைத் தூக்கி உலைக்களத்தில் நிறுத்தியிருந்தார். கிணற்றடியில் தண்ணீர் இறைத்தவள் முதல் நாய்க்குட்டிவரை எல்லோருக்கும் தெரிந்தவர் யாரோ ஒருவரின் வசனம் இருந்தது. கொழுந்தன் ரசித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். விஷ மூலிகை விற்கும் சூனியக்காரியின் குடிசைக்குள் அவர்கள் நுழைந்தார்கள். சூனியக்காரி அடுப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "வந்தாச்சா? ராஜா சாகக் கெடக்கறார், இவருக்கு இப்பதான் நேரம் கெடச்சிருக்கு. கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

கொழுந்தன் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"சிரிங்க தம்பி, பரவாயில்ல."

"இல்ல அண்ணி, அது யாரோ மாதிரி இருக்கு. யாருன்னு தெரியல."

"தெரியலன்னா விடுங்க."

அவள் சூனியக்காரியைத் திரும்பத் திரும்பப் பேசவைத்தாள். ஒவ்வொரு வசனமும் அவளே வீட்டில் அவரிடம் சொன்னதுதான், எந்தத் தேதியில் என்றுகூடச் சொல்லிவிடுவாள். முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தவருக்கு எதுவும் காதில் விழவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு விஷம் விற்பவளுக்குக் கொடுத்திருக்கிறார். கண் கரித்தது. அவர் இருந்தால் இதற்கு அவளிடமிருந்து நல்லதாக நாலு வார்த்தை கிடைத்திருக்கும், அதையும் எழுதிக்கொண்டிருப்பார்.

அடுத்து குகை. கொழுந்தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பழம் வந்த பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். சிலந்தி எங்கே வருகிறதோ திரையின் அந்த இடத்தைப் பையால் மறைப்பது ஏற்பாடு.

"வலது பக்கம் ரெண்டு வருது அண்ணி. பாக்காதீங்க."

"பாக்காம எப்படி அடிக்கிறது?"

"நான் சொல்றேன், நீங்க அடிங்க. இப்ப அடிங்க. அடிச்சுக்கிட்டே இருங்க. ஐயோ, அது நம்ம ஆளு."

"யாரு நம்ம ஆளு?"

"நீங்கதான். செத்துட்டீங்க."

அந்தப் பிற்பகலில் அவள் பல தடவை செத்தாள். பைக்குக் கீழே கால்கள் தெரிந்தன. ஒரு தடவை கொழுந்தன் தும்மினார், பை விலகியது, அவள் முழுச் சிலந்தியையும் பார்த்துவிட்டு எழுந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்றாள். அப்புறப்படுத்த யாரும் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். பையை எடுத்துவிடச் சொன்னாள். எவ்வளவு பெரியது, எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் அடிக்க முடிகிறது என்று சொல்லிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு, பட்டனை அமுக்கினாள்.

குகையின் மறுவாசலில் வெயில் அடித்தது. பாலம் இருந்தது. தண்ணீர் நன்றாகச் செய்யப்பட்டிருந்தது, அதற்கும் ஒரு மோட் இருக்கும். அவள் பாலத்தின் மேல் நடந்தாள். அவருடைய வீரன் வராத இடம். அந்தப்புறம் கரையில் ஒரு மீனவன் கூடையோடு உட்கார்ந்திருந்தான். கொழுந்தன், இவன் யார் மாதிரி பேசுவான் பார்க்கலாம் என்று முன்னால் சாய்ந்தார். அவள் பேச்சுக் கொடுத்தாள்.

மீனவனுக்கு மொத்தம் ஏழு வாக்கியங்கள். முதல் இரண்டும் தமிழில் இருக்கின்றன. மூன்றாவது 'இந்தக் கூடையை நீங்க' என்பதோடு நிற்கிறது. அவர் எழுதியது அதுவரைதான், மீதி ஆங்கிலம்.